முகம் பாக்கப் போய்க் காது பாத்த கதை

போன சனிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். இஞ்ச ஜேர்மனியில, கெல்சென்கிர்ச்சனில இருந்து வுப்பர்டாலுக்குப் போய், மகன் கட்டப்போற பிள்ளையின்ர வீட்டில ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாறது.

பிள்ளையை மகன் கபிலன் தானே பாத்திட்டான். ரெண்டு பேரும் ஒண்டாப் படிச்சவை. பேர் தர்ஷினி. தகப்பன் இல்லை. தாய் வசந்தி தனிய உழைச்சு வளர்த்த பிள்ளை. நாங்கள் போய் "எங்களுக்கும் சந்தோசம்" எண்டு சொல்லுறது மட்டும்தான் மிச்சம்.

அதைக்கூட என்னால ஒழுங்காச் செய்ய ஏலாமல் போச்சு.

முதல்ல என்ர கண்ணைப் பற்றிச் சொல்ல வேணும். ஐம்பத்தெட்டு வயசுதான். ஆனால் ரெண்டு கண்ணிலயும் விழித்திரைக்கு நடுவில தண்ணி கசியிற வருத்தம். ஆறு வருசமா ஊசி. ஓம், கண்ணுக்குள்ளதான் ஊசி! முதல் ஊசிக்கு நான் போட்ட சத்தத்தில, வெளியில காத்துக்கொண்டிருந்த ரெண்டு பேர் ஊசிக்குக் குடுத்த டெர்மின் திகதியை மாத்திக்கொண்டு வீட்டை போயிட்டினம் எண்டு என்ர மனுசன் இண்டைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

ஊசி தன்ர வேலையைச் செய்தது. கசிவு நிண்டிட்டுது. ஆனால் போன மாசம் டொக்டர் படத்தைக் காட்டிச் சொன்னார்: "இப்ப தண்ணி இல்லை. ஆனால் அது நிண்ட இடத்தில தழும்பு. அதைச் சுத்தியும் கொஞ்சம் கொஞ்சமாத் தேயுது. ஊசி போடாட்டி இதைவிட மோசமா இருந்திருக்கும்."

நான் எட்டாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்டனான். எனக்கு விளங்கினது இதுதான். வெள்ளம் வடிஞ்சிட்டுது, பயிர் அழிஞ்சுபோச்சு.

இப்ப ஆரையும் நேர பாத்தால் மூக்கும் வாயும் இருக்கிற இடத்தில சாம்பல் புகை. தலைமயிர் தெரியும். தோள் தெரியும். முகம் மட்டும் லீவில நிக்கும்.

அதுக்கு ஒரு பயிற்சி இருக்கு. ஆஸ்பத்திரியில ஒரு பிள்ளை சொல்லித் தந்தா. "முகத்தைப் பாக்காதேங்கோ. காதைப் பாருங்கோ. முகம் தானா ஓரத்தில வரும்."

உண்மையா வருது! வீட்டில மனுசன்ர காதைப் பாத்தன். முப்பது வருசமாப் பாத்த முகம் ஓரத்தால எட்டிப் பாத்துது.

"என்னப்பா, காதுக்குள்ள பூச்சியோ?" எண்டார்.

வுப்பர்டாலுக்குப் போகேக்க காருக்குள்ளயும் அவர்தான் தொடங்கினார். "இஞ்சரும், போன உடன கண்ணைப் பற்றிச் சொல்லிப்போடும்."

"உங்களுக்கென்ன விசரே? பரம்பரை வருத்தம், நாளைக்குப் பேரப்பிள்ளையளுக்கும் வரும் எண்டெல்லோ யோசிப்பினம். கலியாணம் முடியட்டும்."

"கபிலன் இதுக்குள்ள சொல்லியிருப்பானே."

"மாட்டான். சாமிப் படத்துக்கு முன்னால சத்தியம் வாங்கினனான்."

பின்சீட்டில இருந்து கபிலன்ர பெருமூச்சு வந்துது.

வசந்தி கதவைத் திறந்து கை கூப்பினா. "வாங்கோ அக்கா, வாங்கோ அண்ணை."

நான் பயிற்சிப்படி அவவின்ர காதைப் பாத்தன். வடிவாப் பாத்தன். சம்பந்தியின்ர முகமெல்லோ!

அவவின்ர கை மெல்லக் காதுக்குப் போச்சு. "இது சின்னத் தோடுதான் அக்கா. ஜேர்மனிக்கு வந்த புதுசில வாங்கினது."

"நல்லாயிருக்கு," எண்டன். வேற என்ன சொல்லுறது?

உள்ள போய் இருந்தம். தர்ஷினி தேத்தண்ணி கொண்டு வந்தா. இந்தப் பிள்ளையின்ர முகத்தை நான் போனில பெருசாக்கித் துண்டு துண்டாத்தான் பாத்திருக்கிறன். ஒரு நாள் மூக்கு, ஒரு நாள் நாடி. இண்டைக்கு ஒருக்கா முழுசாப் பாக்க வேணும்.

காதைத் தேடிப் பிடிச்சன். முகம் வரப் பாக்குது, பிள்ளை தலையைத் திருப்புது. திரும்பவும் காதைத் தேடுறன். கண் வெட்டாமல் பாக்கிறன்.

"அன்ரி, இது தங்கமில்லை," எண்டா தர்ஷினி. குரல் இறுகிப் போச்சு. "கடையில சும்மா வாங்கினது."

சரி, காது ஆபத்து எண்டு விளங்கிச்சு. பார்வையைக் கழுத்துக்கு இறக்கினன்.

"சங்கிலி மூண்டு பவுண் அக்கா," எண்டா வசந்தி.

பதறிப்போய்க் கையைப் பாத்தன்.

"காப்பு பெரியம்மா போடுறன் எண்டவ."

தமிழ்ப் பொம்பிளையின்ர முகத்தைச் சுத்தி எங்க பாத்தாலும் பவுண்! இந்தப் பயிற்சியைக் கண்டுபிடிச்ச ஆக்கள் எங்கட கலியாணவீடு ஒண்டுக்கும் போகேல்லைப் போல.

மேல பாத்தால் பிரச்சினை வராது எண்டு, வசந்தியின்ர தலைக்கு மேல பாத்தன். அங்க முகட்டில பெரிய தண்ணிக்கறை ஒண்டு இருந்ததாம். எனக்கெங்க அது தெரிஞ்சுது?

"வாடகை வீடுதான் அக்கா. சொந்த வீடு எண்டு ஒண்டும் இல்லை."

அப்பிடிச் சொல்லிப்போட்டு எழும்பி அறைக்குள்ள போனா. ஒரு பெட்டியைக் கொண்டுவந்து எனக்கு முன்னால திறந்து வைச்சா.

"இவ்வளவுதான் கிடக்கு. கிளீனிங் வேலை செய்து சேர்த்தது. வடிவாப் பாருங்கோ."

"ஐயோ, வேண்டாம்" எண்டு சொல்லியிருக்க வேணும். ஆனால் பயம் வந்தால் எனக்கு மரியாதை கூடிப்போகும். மரியாதைக்கு ஒரு தோட்டைக் கையில எடுத்தன். ஒண்டும் தெரியேல்லை. கிட்டக் கொண்டு வந்தன். யன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினன். மூக்கில முட்டப் பிடிச்சு, தலையைச் சரிச்சுச் சரிச்சுப் பாத்தன்.

நகை அடைவு பிடிக்கிற கடைக்காரன்கூட அப்பிடிப் பாக்கமாட்டான்.

தர்ஷினி எழும்பிட்டா. "கபிலன், உங்கட வீட்டில சீதனம் கேக்கமாட்டினம் எண்டு சொன்னனி!"

"கேக்கேல்லையே!"

"கேக்கிறா. கண்ணால கேக்கிறா."

கபிலன் "அது வந்து..." எண்டான். எனக்குச் செய்து தந்த சத்தியம் வாயைப் பிடிச்சு வைச்சிருக்கு, பாவம். மனுசன் வடையைக் கையில வைச்சபடி கல்லுமாதிரி இருந்தார்.

"அம்மா, பெட்டியை மூடுங்கோ," எண்டா தர்ஷினி. "உங்களை இப்பிடிக் கணக்குச் சொல்ல வைக்கிற வீட்டுக்கு நான் போகேல்லை."

கபிலன்ர முகம் எனக்குத் தெரியேல்லை. ஆனால் அவன் மூச்சு விடேல்லை எண்டது கேட்டுது.

"எனக்குக் கண் தெரியாது பிள்ளை!" எண்டு கத்திப்போட்டன்.

எல்லாத்தையும் கொட்டினன். தண்ணி, ஊசி, தழும்பு, புகை, காது. "உன்ர முகத்தைப் பாக்கத்தான் பிள்ளை காதைப் பாத்தனான். நகையை ஆர் கண்டது? இந்தத் தோட்டில கல்லு இருக்கோ எண்டுகூட எனக்குத் தெரியாது!"

"இருக்கு," எண்டா வசந்தி, கொஞ்சம் மனத்தாங்கலோட. "சிவப்புக் கல்லு."

"நான் காருக்குள்ளயே சொன்னனான்," எண்டார் மனுசன், வடையைக் கடிச்சுக்கொண்டு.

"முதல்லயே சொல்லியிருக்கலாமே அக்கா?"

"பரம்பரை வருத்தம், இந்த இடம் வேண்டாம் எண்டிடுவியள் எண்டு பயந்தனான்."

வசந்தி சிரிக்கத் தொடங்கினா. "நான் என்ர சீனி வருத்தக் குளிசையள் முழுக்க உடுப்புத் தோய்க்கிற மெசினுக்குள்ள ஒளிச்சு வைச்சிருக்கிறன் அக்கா! நீங்களும் அதைத்தான் சொல்லுவியள் எண்டு."

"அம்மா!" எண்டா தர்ஷினி. "நான் அந்த மெசினை அப்பவே போட்டிட்டன்!"

எல்லாரும் குளியலறைக்கு ஓடினம். உடுப்புகள் நுரைக்குள்ள சுழண்டுகொண்டிருந்துது. அந்த வீட்டில அண்டைக்குச் சீனி வருத்தக் குளிசை குடிச்சது அந்த உடுப்புகள் மட்டும்தான்.

திரும்பி வந்து இருக்கேக்க தர்ஷினி எனக்குப் பக்கத்தில கதிரையை இழுத்துப் போட்டா. ரெண்டு தோட்டையும் கழட்டி மேசையில வைச்சா. "இப்ப பாருங்கோ அன்ரி. வெறும் காது."

பாத்தன். பிள்ளை ஆடாமல் இருந்தா. மெல்ல மெல்ல முகம் வந்துது. சிரிச்சுக்கொண்டிருந்தா. ஆனால் அழுதிருக்கிறா, கண் ரெண்டும் சிவந்திருந்துது. அது என்னால எண்டு அப்பதான் கண்டன். "என்னை மன்னிச்சுக்கொள்ளு பிள்ளை," எண்டு அந்தக் காதுக்குத்தான் சொன்னன்.

கலியாணம் வைகாசியில, நீங்கள் எல்லாரும் வரவேணும். போனில எழுத்தைப் பெருசாக்கி இவ்வளவும் எழுதினது அதுக்காகத்தான். மண்டபத்தில நான் உங்கட காதையோ கழுத்தையோ உத்துப் பாத்தால், உங்கட முகத்தைத்தான் பாக்கிறன் எண்டு விளங்கிக்கொள்ளுங்கோ.

தோடு நல்லாயிருந்தால் அதையும்தான் பாப்பன்.