ரட்சகரிடம் ஒரு பெட்டி வாங்கப் போனால்

ஓசிப் பேப்பர் படிப்பவர், கூட்டத்தில் மைக்கைப் பிடித்தால் விடாதவர், பக்கத்து வீட்டுச் சண்டையைத் தீர்த்துவைக்கப் போய் அதை இரண்டு சண்டையாக்கிவிட்டு வருபவர் என்று மனிதரில் உள்ள எல்லா இனங்களையும் நீங்கள் பார்த்துச் சலித்திருப்பீர்கள். சமீப காலத்தில் ஒரு புது இனம் தலையெடுத்திருக்கிறது, கவனித்தீர்களா? பூமி சூடாகிக்கொண்டே போகிறது, அதைக் குளிரவைக்க எங்களிடம் ஒரு கருவி இருக்கிறது என்று சொல்லி ஒரு கம்பெனியைத் தொடங்கி, அதற்கு ஒரு சின்னம் வரைந்து, அந்தச் சின்னம் போட்ட பச்சை பனியனைப் போட்டுக்கொண்டு, அந்தக் கருவி ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் உலகத்துக்குக் கொடுத்துவிடும் இனம் அது.

அடையாளம் காண்பது சுலபம். நீங்கள் மரியாதைக்கு "சௌக்கியமா?" என்று கேட்டால், "எப்படிங்க சௌக்கியமா இருக்க முடியும்? கடல் எவ்வளவு ஏறியிருக்குன்னு தெரியுமா?" என்பார், அந்தத் தண்ணீரை நீங்கள்தான் திறந்துவிட்ட மாதிரி. தன்னந்தனியாக நின்றுகொண்டு "நாங்க" என்பார். "தோத்துட்டோம்" என்ற சொல் அவர் வாயில் வராது, "கத்துக்கிட்டோம்" என்பார். நிறையக் கற்றவர்.

நாம் பார்க்கப்போகிறவருக்கு ரட்சகர் என்று பெயர். வைத்தது அவருடைய தங்கையின் கணவர். கம்பெனியில் இருப்பதே அவர்கள் இரண்டு பேர்தான் என்பதால், அது கம்பெனி முழுவதும் வழங்கும் பெயர் என்றே சொல்லலாம். டயர் கடையை ஒட்டிக் குறுகலான படிக்கட்டில் ஏறினால் மேலே ஒரு நீளமான அறை. அதில் ஒரு வெள்ளைப் பலகை, பலகை நிறைய அம்புக்குறிகள், எல்லா அம்புக்குறியும் கடைசியில் போய்ச் சேரும் இடத்தில் ஒரு பூமி உருண்டை, ஜன்னல் ஓரத்தில் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் வாடிப்போன தொட்டிச் செடி. இதுதான் தலைமை அலுவலகம். வேறு அலுவலகம் கிடையாது என்றாலும் ரட்சகர் அப்படித்தான் சொல்வார்.

மாப்பிள்ளை முன்பு ஃபிரிட்ஜ் தொழிற்சாலையில் நல்ல வேலையில் இருந்தவர். "மாப்ள, அங்க நீ வெறும் ஃபிரிட்ஜ் செய்யற. இங்க வா, வரலாறு செய்யலாம்" என்று ரட்சகர் கூப்பிட்டார். மனிதர் வேலையை விட்டுவிட்டு வந்தார். வரலாறு எப்படிச் செய்வது என்று தெரியாததால் அவர் ஒரு பெட்டி செய்தார். சுவருக்குள் ஈரத்தைத் தேக்கி, வெயிலைத் திருப்பியடிக்கிற பூச்சை மூடியில் பூசி, கரண்டே இல்லாமல் காலைக் குளிர்ச்சியைச் சாயங்காலம்வரை காப்பாற்றுகிற பெட்டி. செய்து முடித்துச் சோதித்துப் பார்த்தார்கள். அது நிஜமாகவே வேலை செய்தது. தொல்லை ஆரம்பித்ததே அங்கேதான்.

வேலை செய்யாத கருவி என்றால் திருத்திக்கொண்டே இருக்கலாம். வேலை செய்கிற கருவியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ரட்சகர் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மாநாடு எங்கே நடந்தாலும் விமானம் ஏறிப் போய், விமானங்கள் விடும் புகையைக் கண்டித்துப் பேசிவிட்டு, அடுத்த விமானத்தில் திரும்பி வந்தார். அவருடைய படக்காட்சியின் முதல் படத்தில், உருகும் பனிப்பாறையின் மேல் நின்றபடி ஒரு கரடி நம்மைப் பரிதாபமாகப் பார்க்கும். அப்புறம் வெடித்த நிலம், சிவந்த பூமி, மேல்நோக்கிப் போகும் ஒரு கோடு, கீழ்நோக்கிப் போகும் ஒரு கோடு, குழந்தை ஒன்றின் கை. பெட்டி வருவதற்குள் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். விழித்திருக்கும் மீதிப் பேர் பரிசு கொடுத்துவிடுவார்கள். இப்படிச் சேர்ந்த கோப்பைகளை வைக்க அறையில் அலமாரி இல்லை. எனவே அவற்றைப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள்.

அறையில் ஏசி உண்டு. பெட்டியின் மகிமையைக் காட்ட வேண்டிய நாட்களில் மட்டும் அதை நிறுத்திவிடுவார்கள். வந்தவர் வியர்த்து வழிந்துகொண்டே குளிர்ச்சியைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போவார். காகிதக் கப் அந்த அறைக்குள் நுழையக் கூடாது. ஒருமுறை வங்கி அதிகாரி ஒருவர் தெரியாமல் அப்படி ஒன்றைக் கையில் பிடித்தபடி வந்துவிட்டார். ரட்சகர் அதைப் பிடுங்கி, மரங்களைப் பற்றிக் கால் மணி நேரம் பேசி, காபியை ஒரு பரிசுக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தார். அதிகாரி இரண்டு கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு குடித்தார். திரும்ப வரவில்லை.

இப்படியே நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது தொழிற்சாலைக்காரர்கள் மாப்பிள்ளையைத் திரும்பக் கூப்பிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின நாள் காலையில் மாப்பிள்ளை விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"மச்சான், ஒரே ஒரு பெட்டி இந்தப் படியில இறங்கிப் போய் யாராவது அத உபயோகிச்சாங்கன்னா நான் இருக்கேன். இல்லேன்னா போயிடறேன். கோவிச்சுக்காதீங்க."

"மாப்ள, நாம அஞ்சாவது மாடலுக்குக் கிட்ட வந்துட்டோம்."

"ரெண்டாவது மாடல்லயே எல்லாம் சரியாயிடுச்சு மச்சான். அப்புறம் நாம மாத்தினது பேர மட்டும்தான்."

ரட்சகருக்குச் சுருக்கென்று தைத்தது. மாப்பிள்ளை போய்விட்டால் அவர் நிலைமை என்ன? அந்த மூடியில் பூசுவது என்ன பூச்சு என்றுகூட அவருக்குத் தெரியாது. தங்கையோ முந்தின வாரமே போன் செய்து சொல்லிவிட்டாள்: "நீ உலகத்தக் காப்பாத்துண்ணா, நான் வேணாங்கல. எங்க வீட்டுக்காரர மட்டும் எனக்குத் திருப்பிக் குடுத்துடு."

அன்று மத்தியானம்தான் ஒரு பூக்கடைக்கார அம்மாள் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். ரட்சகரின் தங்கைக்கு அடுத்த வீடு. தங்கை வீட்டில், மாப்பிள்ளை முதன்முதலில் அங்கேயே செய்துபார்த்த பழைய பெட்டி ஒன்று கிடந்தது; போன மாதம் கரண்ட் போனபோது ஒரு கல்யாண வீட்டுக்கு வைத்திருந்த ரோஜாவை எல்லாம் அதில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார். இந்த முன்கதை எதுவும் ரட்சகருக்குத் தெரியாது. நல்ல புடவை, தோளில் பெரிய பை, நிதானமான பார்வை. முதலீடு செய்ய வந்தவர் என்று அவராக முடிவு கட்டிக்கொண்டார்.

"வாங்க மேடம்! உட்காருங்க மேடம்!" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார், ஏசியை நிறுத்தினார், கரடியைப் போட்டார்.

அந்த அம்மாள் கரடியைப் பார்த்தார். நிலத்தைப் பார்த்தார். கோடுகள் ஏறி இறங்குவதைப் பார்த்தார். குழந்தையின் கை வந்ததும், "பாவம்" என்றார். ரட்சகர் உற்சாகமாகி, "உங்களுக்கு எந்த மாதிரி பங்களிப்புல விருப்பம் மேடம்?" என்று கேட்டார்.

"பங்களிப்பா? எனக்கு ரெண்டு வேணும் தம்பி."

"ரெண்டு... எது மேடம்?"

"பெட்டி."

"எந்தப் பெட்டி?"

"இதோ, இந்தப் பெட்டிதான்." எழுந்து போய் மூடியைத் திறந்தவர், உள்ளே இருந்த கோப்பைகளைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் வேண்டாம்" என்றார்.

பத்திரிகைக்காரர்களைப் பார்த்தவர் ரட்சகர். நடுவர்களைப் பார்த்தவர். மந்திரியோடு கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டவர். வாடிக்கையாளரை மட்டும் அவர் அதுவரை நேருக்கு நேர் பார்த்ததில்லை. முகம் வெளிறிவிட்டது. மேடம் அக்கா ஆனார்.

"அக்கா, நீங்க நினைக்கற மாதிரி இது பெட்டி இல்ல. இது ஒரு தீர்வு."

"சரிப்பா. ரெண்டு தீர்வு குடு. மூடி நீலமா இருந்தா நல்லது, கடைக்குப் பொருத்தமா இருக்கும்."

"அடுத்த மாடல் வருதுக்கா. அது உங்க போனோட பேசும்."

"என்னோட பேசவே எனக்கு நாலு பேர் இருக்காங்க. பூ வாடாம இருந்தாப் போதும்."

"அடுத்த வெயிலுக்குள்ள கண்டிப்பாத் தர்றோம்."

"இந்த வெயிலுக்கு நான் என்ன செய்யறது? என்ன விலைன்னு சொல்லு."

விலையா? இத்தனை படங்களில் ஒன்றில்கூட அது இல்லையே! ரட்சகர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை சாவகாசமாக ஒரு விலையைச் சொன்னார். அந்த அம்மாள் கொஞ்சம் குறைக்கச் சொன்னார், மாப்பிள்ளை கொஞ்சம் குறைத்தார். உலகம் முழுவதும் காலங்காலமாக நடந்துவரும் அந்தச் சடங்கு ரட்சகரின் கண்ணெதிரே, அவருடைய தலைமை அலுவலகத்திலேயே, இரண்டு நிமிடத்தில் நடந்து முடிந்துவிட்டது. இப்போதைக்கு ஒன்று, அடுத்த வாரம் இன்னொன்று என்று பேச்சு. கீழே வண்டி நிற்கிறது.

கோப்பைகளை எடுத்து மேஜைமேல் வைத்தார்கள். பெட்டியின் ஒரு பக்கத்தை மாப்பிள்ளை பிடித்தார், மறுபக்கத்தை ரட்சகர் பிடித்தார். தூக்கியதும் ரட்சகருக்குப் பகீரென்றது. என்ன கனம்! படக்காட்சியில் அதை ஒரு குழந்தை தூக்கிக்கொண்டு போகிற மாதிரி போட்டிருந்தாரே! மாப்பிள்ளை கீழ்ப்படியில், ரட்சகர் மேல்படியில், பூக்கடை அம்மாள் எல்லோருக்கும் முன்னால் "பாத்து, பாத்து" என்று சொல்லிக்கொண்டு இறங்க, பாதிப் படிக்கட்டில் ரட்சகர் நின்றுவிட்டார்.

"மாப்ள, மேல தூக்கு. ஒரு சின்ன மாத்தம் மட்டும் பண்ணிட்டுக் குடுத்துடலாம்."

"என்ன மாத்தம்?"

ரட்சகர் மனதில் இருந்தது பயம். அதை எந்த ஸ்குரூ டிரைவரால் திருத்த முடியும்? அறைக்குள் இருக்கிறவரை அந்தப் பெட்டி உலகத்தைக் குளிரவைக்கப்போகிற பெட்டி. கடைக்குப் போன நிமிடமே அது ரோஜாப்பூ வைக்கிற பெட்டி. அதன் கீல் கழன்றுகொள்ளலாம், அடியில் ஒழுகலாம், யாராவது போன் செய்து "என்னய்யா பெட்டி இது?" என்று கேட்கலாம். வரப்போவதைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. வந்துவிட்டதைப் பற்றித்தானே சொல்வார்கள்?

மாப்பிள்ளை வாக்குவாதம் செய்யவில்லை. "தூக்கிக்குங்க மச்சான்" என்று சொல்லி, தன் பக்கத்தை மெதுவாகப் படிமேல் இறக்கிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

ரட்சகர் இழுத்தார். பெட்டி அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். அது அரைப் படி ஏறி, யோசித்துப் பார்த்து, திரும்ப அதே படியில் வந்து உட்கார்ந்தது. உலகத்தையே தூக்கி நிறுத்தக் கிளம்பியவரால் ஒரு பெட்டியை ஒரு படி மேலே ஏற்ற முடியவில்லை. கீழே இருந்து அந்த அம்மாள், "என்னப்பா, இறங்கறீங்களா, ஏறறீங்களா? ஒரு முடிவுக்கு வாங்க, வெயில் கொளுத்துது" என்றார்.

மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு மச்சானையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கொஞ்சம் வருத்தம்தான் இருந்தது. ரட்சகர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"இறக்கு மாப்ள" என்றார். அழுகிற குரல்தான், ஆனாலும் சொன்னார்.

பெட்டி இறங்கியது, வண்டியில் ஏறியது, போயிற்று. மாப்பிள்ளை அங்கேயே நின்று தொழிற்சாலைக்குப் போன் செய்து, வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் ரட்சகரை நாமும் மன்னித்து விட்டுவிடலாம். அடுத்த நாள் முழுவதும் அவர் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீல் கழன்றதா? ஒழுகியதா? போன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஒரு வாரம் போனதும் அவரால் பொறுக்க முடியவில்லை, தானே கூப்பிட்டார்.

"அக்கா, பெட்டியில ஏதாவது பிரச்சினையா? தயங்காமச் சொல்லுங்க."

"எந்தப் பெட்டி?" என்றார் அந்த அம்மாள். "ஓ, அதுவா! அது பாட்டுக்கு இருக்கு தம்பி. நான் அத மறந்தே போயிட்டேன். இரு, கடையில ஆள் நிக்குது, வெச்சுடறேன்."

மாப்பிள்ளை சந்தோஷத்தில் மேஜையைத் தட்டினார். "கேட்டீங்களா மச்சான்! மறந்துட்டாங்களாம்! இதுக்கு மேல ஒரு பெட்டிக்கு என்ன பேரு வேணும்?" அவர் அப்போதே கீழே போய் அடுத்த பெட்டிக்கு நீலப் பூச்சு வாங்கிவந்தார்.

ரட்சகர் அன்று சாப்பிடவில்லை. அடுத்து ஒரு மாநாடு இருந்தது, அதற்குக்கூடப் போகவில்லை. போய் என்னவென்று பேசுவது? பூமியில் முதல் தடவையாக ஒரு கடை அவரால் குளிர்ந்துகொண்டிருக்கிறது. அந்தக் கடைக்காரருக்கே அது நினைவில்லை. கைதட்டல் இல்லை, படம் இல்லை, நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை. உலகத்தைக் காப்பாற்றுவதில் இப்படி ஒரு ஆபத்து இருப்பதாக அவரிடம் யாரும் சொல்லவே இல்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நல்லதுதான். ஆனால் இந்த இனம் டயர் கடை மாடியில் மட்டும்தான் வசிக்கிறது என்று யார் உங்களிடம் சொன்னது? போன வாரம் கடைக்குப் போகும்போது பிளாஸ்டிக் பை வேண்டாம் என்று வீட்டிலிருந்தே துணிப்பை எடுத்துப் போனீர்களே, நல்ல காரியம். அதை அன்றைக்கு எத்தனை பேரிடம் சொன்னீர்கள்?