அப்படி ஒருவரும் இங்கே இல்லை

நீலக் கார் மூன்றாவது நாளாகவும் எதிர்ப்பக்கத்தில் நின்றது. உள்ளே இருந்த மனிதர் பேப்பரை விரித்து வைத்திருந்தாரே தவிர ஒரு பக்கமும் புரட்டவில்லை. கிருஷ்ணராசா திரைச்சீலையை விரலளவு விலக்கிப் பார்த்துவிட்டு, நாவல் விஷயம் வெளியே போய்விட்டதென்று மனைவியிடம் சொன்னார்.

அது அவர் எழுதிக்கொண்டிருந்த துப்பறியும் நாவல். தும்மினாலும் கோப்புத் திறக்கிற ஒரு நாட்டில் ஒரு கொலை விழுகிறது. துப்பறிகிறவர்கள் எல்லாரும் அப்பாவிகளின் பின்னால் அலைவதால் கொலைகாரனைப் பிடிக்க ஆளில்லை. நாட்டின் பெயர் எங்கேயும் இல்லை. ஆனாலும் லண்டன் டூட்டிங்கில் தமிழ் வாசிக்கத் தெரிந்த எவருக்கும் விளங்கும். முந்நூறு பக்கம், ஒரே பிரதி. அவருடைய தம்பி இன்னும் கொழும்பில்தான் இருந்தான். நாவல் விஷயம் அங்கே தெரிந்தால் முதலில் அவனைத்தான் பிடிப்பார்கள்.

"றோட்டெண்டால் கார் நிக்கும்தானே," என்றாள் ஜெகதீஸ்வரி.

கிருஷ்ணராசா கேட்கவில்லை. நாவலைப் பொலித்தீனில் சுற்றி, பிரீசரில் பாரை மீனுக்கு அடியில் வைத்தார். பிறகு பலசரக்குக் கடைக்குப் போய், யாராவது தன்னைப்பற்றி விசாரித்தால் தெரியாதென்று சொல்லும்படி கடைக்காரன் பிரதாபனிடம் கேட்டுக்கொண்டார்.

"நேற்றே ஒராள் வந்து கேட்டவர் அண்ணை," என்றான் பிரதாபன். "எந்த ஊர், என்ன வேலை, குடிக்கிறவரோ எண்டு. நான் ஒண்டும் சொல்லேல்லை."

குடியைக்கூட விட்டுவைக்கவில்லையா? பலவீனம் தேடுகிறார்கள். கிருஷ்ணராசா அன்றைக்கே தையல்காரர், கோயில் ஐயர், சலூன் என்று ஒரு சுற்று வந்தார். எல்லாரும் ஒரு காலத்தில் கொழும்பு லொட்ஜுகளில் தங்கி, தமிழர் என்பதற்காகப் பொலிஸில் பெயர் பதிந்து பயந்து வாழ்ந்த சனம். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்கள்.

அடுத்த கிழமை இரண்டு கார் நின்றது.

மகள் மயூரா மருந்துக்கடை வேலைக்குப் பின்கதவால் போய் வரவேண்டும் என்று உத்தரவு பிறந்தது. அவள் குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே ஏறி இறங்கியதை இரண்டாவது காரில் இருந்தவர்கள் நன்றாகவே பார்த்தார்கள்.

ஞாயிறு காலை அழைப்புமணி அடித்தது. வாசலில் நீலக் கார் மனிதர் நின்றார்.

"கிருஷ்ணராசா வீடுதானே?"

"அப்பிடி ஒருத்தரும் இஞ்சை இல்லை."

மாடிப்படியில் மயூரா வந்து நின்றாள். அந்த மனிதரின் பார்வை அவள்மேல் போனது.

"இவவும் ஆரெண்டு எனக்குத் தெரியாது," என்றார் கிருஷ்ணராசா.

மயூராவின் கண் நிறைந்துவிட்டது. அதைக் கண்டதும் கிருஷ்ணராசாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. இங்கே வந்து பதினேழு வருஷமாகியும் பெற்ற பிள்ளையைத் தெரியாதென்று சொல்கிற பயமா? அவர் விறுவிறென்று குசினிக்குப் போய், உறைந்து மீன் மணத்த பொதியோடு திரும்பி வந்தார்.

"நான்தான் கிருஷ்ணராசா. இது நான் எழுதினது, இனி ஒளிக்க மாட்டன். இவ என்ர மகள். கொழும்பில இருக்கிற தம்பிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

வந்தவர் பொதியை இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கிக்கொண்டார்.

"நான் வால்தம்ஸ்டோவில இருக்கிற சபாரத்தினம், உங்கட மகள் விரும்பிற யதுசன்ர தகப்பன், ரெண்டு கிழமையா விசாரிச்சும் உங்களைப்பற்றி ஒருத்தரும் வாய் திறக்கேல்லை, ஊர்வாயில விழாத இப்பிடி ஒரு குடும்பத்தைத்தான் என்ர மனிசி லண்டன் முழுக்கத் தேடினவ."