அமெரிக்கா போறோம்

“அமெரிக்காவுக்கு மூணு பேர் போயிட்டு வர எவ்வளவு ஆகும்? ஒரு கணக்குப் போட்டுக் கொடுங்களேன்” என்று மனைவி கேட்டபோது கழித்தலின் வாய் நிறையப் பற்பசை நுரை. அதில் பாதியை விழுங்கிவிட்டார்.

“எங்க?”

“அமெரிக்காங்க. மே மாசம் போறோம். மூணு வாரம்.”

கழித்தல் என்பது அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை, ஆபீஸ் வைத்தது. தண்ணீர்ப் பம்பு செய்யும் கம்பெனியில் கணக்குப் பிரிவு. வெளியூர் போய்வருகிற விற்பனை ஆட்கள் நீட்டும் செலவுச் சீட்டுகளில் எதை வெட்டலாம் என்று பார்ப்பதுதான் அவருடைய உத்தியோகம். டாக்ஸியில் போனாயா? நடந்திருக்கலாமே, கழி. இரண்டாவது டீ குடித்தாயா? முதல் டீ எங்கே போயிற்று, கழி. ஒரு தடவை கம்பெனியே அவரை வெளிநாட்டு இயந்திரக் கண்காட்சிக்கு அனுப்புவதாகச் சொல்லி பாஸ்போர்ட்டும் எடுத்துக் கொடுத்தது. செலவுத் திட்டத்தைப் படித்துப் பார்த்த மகானுபாவர் முதல் வேலையாகத் தன்னையே கழித்துவிட்டார்.

வீட்டில் மட்டும் வேறு ஆளாக இருப்பாரா? கல்யாணமான நாளிலிருந்து மனைவி, “கடல் பார்க்கப் போகலாமா, மலை பார்க்கப் போகலாமா” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். “பார்க்கலாம்” என்பார். அதோடு சரி.

“பணத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க” என்றாள் மனைவி. “தையல்ல சேர்த்து வச்சிருக்கேன். உங்ககிட்ட காசு கேக்கலை, கணக்குதான் கேக்கறேன்.”

காசில்லாமல் அமெரிக்கா! கழித்தல் மறுப்பதற்கு ஒரு காரணம் தேடினார். அகப்படவில்லை.

“அது யாரு மூணு பேரு?”

“அம்மாவும் வர்றாங்க.”

விரல் விட்டு எண்ணினார். தான், அவள், மாமியார். கணக்குச் சரியாக இருந்தது. கணக்குச் சரியாக இருந்தால் அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

“சரி” என்றார்.

மனைவி கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். “நிஜமாவா? வேற ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?”

“சொல்றதுக்கு என்ன இருக்கு? போகவேண்டியதுதானே!”

“தங்கச்சி வீட்டுக்காரர் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்காராம். நீங்க ஒரே வார்த்தையில சரின்னுட்டீங்க!”

இதில் சகலை எதற்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும்? கழித்தலுக்குப் புரியவில்லை. பொறாமை, வேறென்ன என்று முடிவு கட்டிக்கொண்டு வாய் கொப்பளித்தார்.

கணக்குப் போட்டுப் பார்த்ததில் மனைவியின் சேமிப்பு விமானத்தில் ஏறி இறங்குவதற்குள் தீர்ந்துவிடும் போலிருந்தது. எதையாவது வெட்டியாக வேண்டும். மூன்று பேரில் வெட்டத் தகுந்தவர் யார் என்று எந்த மாப்பிள்ளையிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். அன்று சாயங்காலமே மாமியார் வீட்டுக் கதவைத் தட்டினார்.

“அத்தே, ஒரு நாள் முழுக்கக் காலை மடக்கிக்கிட்டே உக்காரணும். முட்டி தாங்குமா?”

“நல்லவேளை சொன்னீங்க மாப்பிள்ளை. காலை நீட்டிக்கிற சீட்டு ஒண்ணு இருக்காமே, அதையே எனக்குப் போட்டுடுங்க.”

“நயாகரா அருவிப் பக்கமெல்லாம் குளிர் எலும்பைத் துளைக்குமாம்.”

“அப்ப கம்பளிக் கோட்டு ஒண்ணு, காலுக்கு பூட்ஸ் ஒண்ணு. ஞாபகம் இருக்குமா, எழுதிக்கிறீங்களா?”

“திடீர்னு உடம்புக்கு முடியாமப் போச்சுன்னா, அந்த ஊர் ஆஸ்பத்திரியில சொத்தை எழுதிக் கேப்பாங்க அத்தே.”

“பெரிய இன்சூரன்ஸாப் போட்டுடுங்க. பெத்த பிள்ளைகூட இவ்வளவு யோசிக்காது!” மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நீங்களும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பாத்துக்கணும், ஆமா.”

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. ஒரு டிக்கெட்டைக் குறைக்கப் போனவர், அதே டிக்கெட் இரண்டு மடங்காகப் பெருத்து, கோட்டும் பூட்ஸும் மாட்டிக்கொண்டு பின்னாலேயே வர, வீடு திரும்பினார்.

சரி, ஓட்டல் வாடகையைக் கழிக்கலாம். பழைய ஸ்டோர் கீப்பர் ஒருவர் அமெரிக்காவில் மகன் வீட்டோடு இருந்தார். ஒரு காலத்தில் அவருடைய செலவுச் சீட்டையும் வெட்டியவர்தான் நம்மவர். ஆனாலும் போன் போட்டார்.

“அட, கழித்தலா! வாய்யா வா! நான் இருக்கும்போது ஓட்டல் எதுக்கு?” என்றார் ஸ்டோர் கீப்பர். “வரும்போது எங்க அம்மாவோட தையல் மெஷின் ஒண்ணு தம்பி வீட்டுல கிடக்குது, அதை மட்டும் எடுத்துக்கிட்டு வந்துடு.”

“தையல் மெஷினா?”

“தலை மட்டும் போதும்யா. காலை அங்கேயே விட்டுடு.”

தையல் மெஷின் தலை இரும்பு. அதற்குத் தனிப் பெட்டி, தனி எடைக் கட்டணம். போதாக்குறைக்கு, ஸ்டோர் கீப்பர் வீட்டிலிருந்து நயாகரா அருவிக்குப் போக இன்னொரு விமானம் ஏற வேண்டும் என்று பிற்பாடு தெரிந்தது. ஓட்டலே மலிவாக இருந்திருக்கும். ஆனால் அதற்குள் தம்பி வீட்டிலிருந்து மெஷின் தலை வந்து கூடத்தில் உட்கார்ந்துவிட்டது.

மிச்சமிருந்தது சாப்பாடு.

“வெளியில வாங்கிச் சாப்பிட்டாக் கட்டுப்படியாகாது” என்றார் மனைவியிடம். “சமையலை நானே பாத்துக்கறேன். கத்துக் கொடு.”

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “இதை எப்படி உங்ககிட்டச் சொல்றதுன்னு ரெண்டு நாளாத் தவிச்சுக்கிட்டு இருந்தேங்க. நீங்களே சொல்லிட்டீங்க!”

தவிப்பதற்கு என்ன இருக்கிறது? கழித்தல் குழம்பினார். ஆனாலும் மனைவி பாராட்டும்போது குறுக்கே பேசுவது புத்திசாலிக்கு அழகில்லை. அரிசி ஒன்றுக்குத் தண்ணீர் இரண்டு என்று கற்றுக்கொண்டார். முதல் பாத்திரம் தீய்ந்தது. இரண்டாவதற்கு அடிப்பாகமே இல்லாமல் போயிற்று. புதுப் பாத்திரங்களின் விலையும் அமெரிக்கக் கணக்கில் ஏறியது.

சோறு வெந்து முடிந்த கையோடு மனைவி அவரைத் துணி துவைக்கும் மெஷின் பக்கம் இழுத்துப் போனாள். “வெள்ளையைத் தனியாப் போடணும். சட்டைப் பையில பேனா இருக்கான்னு பாக்கணும். எங்க, நீங்க ஒரு தடவை செய்யுங்க பார்க்கலாம்.”

“இதெல்லாம் எதுக்கு இப்ப?”

“மூணு வாரம் துவைக்காம இருப்பீங்களா?”

அதுவும் நியாயம்தான். அமெரிக்காவிலும் மெஷின் இதே மாதிரிதான் இருக்கும்போல என்று எண்ணிக்கொண்டே பொத்தானை அழுத்தினார்.

அன்றைக்குப் பார்த்துச் சகலை போன் செய்தார். எடுத்த எடுப்பிலேயே, “உங்களால எப்படிண்ணே முடியுது? எனக்கு நெனைச்சாலே தூக்கம் போயிடுது” என்றார்.

“என்னப்பா ஆச்சு?”

“மூணு வாரம்ணே! பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இல்லாம நான் என்ன பண்ணுவேன்?”

கழித்தல் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். கல்யாண வீடுகளில் பார்த்தால், “சாப்டாச்சா?” என்பதற்கு மேல் பேசாத மனுஷன். அவருக்குத் தன்மேல் இப்படி ஒரு பாசமா? இது தெரியாமல் பொறாமைக்காரன் என்று நினைத்துவிட்டோமே!

“மனசைத் தளரவிடாதப்பா. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிப்போயிடும். அங்கிருந்து உனக்கு ஒரு நல்ல வாட்ச் வரும், என் பொறுப்பு.”

“பெரிய மனசுண்ணே உங்களுக்கு” என்று மூக்கை உறிஞ்சினார் சகலை. வாட்ச்சும் கணக்கில் ஏறியது.

இதற்கு நடுவில் ஒரு நாள், மனைவி செல்போனில் நயாகராவைக் காட்டினாள். “கப்பல்ல அருவிக்குக் கிட்டக்கவே கூட்டிக்கிட்டுப் போவாங்களாம். தொப்பலா நனைஞ்சிடுவோமாம்!” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொள்ளாமல், பல் தெரிய, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள்.

கழித்தல் அருவியைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படிச் சிரிக்கத் தெரிந்தவளையா இத்தனை வருஷமும் “பார்க்கலாம், பார்க்கலாம்” என்று சொல்லியே உட்கார வைத்தோம்? அவருக்கு வெட்கமாக இருந்தது. அழுகைகூட வந்தது, தும்மல் மாதிரி நடித்துச் சமாளித்தார். அந்தக் கப்பலில் அவள் பக்கத்தில் நின்று தானும் தொப்பலாக நனைய வேண்டும், இந்த ஜென்மத்தில் வேறு எதுவும் வேண்டாம் என்று தோன்றியது.

அதோடு ஆள் மாறிப்போனார். ஆபீஸில் செலவுச் சீட்டுகள் வெட்டுப்படாமல் வெளியே வந்தன. “பாவம், வெளியூர் போனா ரெண்டு டீ குடிக்கத்தான் செய்வான்” என்று கையெழுத்துப் போட்டார். விற்பனை ஆட்கள் முதலில் பயந்தார்கள், அப்புறம் துணிந்தார்கள், கடைசியில் ஒருத்தன் ஐஸ்கிரீமுக்கே சீட்டு வைத்துவிட்டான். அதுவும் பாஸாயிற்று. மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார்.

“என்னய்யா, உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கேன் சார். மே மாசம் மூணு வாரம் லீவு வேணும். அமெரிக்கா போறோம்.”

மேனேஜர் எழுந்தே நின்றுவிட்டார். “யாரு, நீங்களா? காசு கொடுத்தா?”

லீவு கிடைத்தது, ஆனால் சம்பளம் கிடையாது. ஐஸ்கிரீமுக்கான தண்டனை. மனைவியிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் பயணத்தையே நிறுத்தினாலும் நிறுத்திவிடுவாள். துண்டு விழுந்த தொகைக்கு என்ன வழி என்று யோசித்து, யோசித்து, கடைசியில் ஸ்கூட்டரை விற்றுவிட்டார்.

பணத்தை வாங்கிய மனைவி விசும்பி விசும்பி அழுதாள். “எனக்காக ஸ்கூட்டரையே வித்துட்டீங்களா? எந்தப் புருஷன் இப்படிச் செய்வான்?”

“இதென்ன பெரிய விஷயம்! எல்லாரும் செய்யறதுதானே” என்றார் கழித்தல், கொஞ்சம் குழப்பத்தோடு. சந்தோஷமாகப் போய்வரப் போகிறோம், இவள் எதற்கு எனக்குச் சிலை வைக்கிற மாதிரி பேசுகிறாள்?

பேச்சை மாற்றுவதற்காக, “பாஸ்போர்ட்டெல்லாம் டிராவல்ஸ்ல கொடுத்தாச்சா?” என்று கேட்டார்.

“மூணையும் போன வாரமே கொடுத்தாச்சே!”

மறுநாள் சட்டை எடுக்க பீரோவைத் திறந்தால், துணிக்கு அடியில் அவருடைய பாஸ்போர்ட் சாவகாசமாகப் படுத்திருந்தது. திக்கென்றது. அவசரத்தில் வேறு யாருடையதையோ தூக்கிக் கொடுத்துவிட்டாள், அசடு! கேட்டால் பதறிப்போவாள். சத்தம் போடாமல் நாமே போய்ச் சரிசெய்துவிடலாம் என்று பாஸ்போர்ட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் தொங்கியபடியே டிராவல்ஸுக்குப் போய்ச் சேர்ந்தார்.

கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஓர் இளம்பெண். மனைவியின் பெயரைச் சொன்னதுமே முகம் மலர்ந்தாள். “தெரியும் சார், தையல்கார மேடம்! மூணு டிக்கெட்டும் போட்டாச்சு.”

“அதுல ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சும்மா. இந்தா, இதுதான் சரியான பாஸ்போர்ட்.” மேஜைமேல் வைத்தார். அப்புறம் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அப்படியே இன்னொரு உதவி. மாமியார் எங்க வேணாக் காலை நீட்டிக்கட்டும். என் வீட்டுக்காரிக்குப் பக்கத்து சீட்டு மட்டும் எனக்குப் போட்டுக் கொடுத்துடும்மா. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஸ்கூட்டரையும் டவுன் பஸ்ஸையும் தவிர எதுலயும் போனதில்லை.”

சொல்லி முடிப்பதற்குள் அவருக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது.

அந்தப் பெண் திரையைப் பார்த்தாள். பாஸ்போர்ட்டில் இருந்த போட்டோவைப் பார்த்தாள். மறுபடியும் திரையைப் பார்த்தாள்.

“சார், இதுல மூணுமே லேடீஸ் பேரால்ல இருக்கு. மேடம், அவங்க அம்மா, அவங்க தங்கச்சி.”

“இருக்கவே இருக்காதும்மா! ‘அமெரிக்கா போறோம்’னு அவ வாயாலயே சொன்னா. என் காதாலயே கேட்டேன்!”

அவள் பாஸ்போர்ட்டை மெதுவாக அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, தணிந்த குரலில் கேட்டாள்:

“சார், மேடம் ‘நாம போறோம்’னு சொன்னாங்களா, ‘நாங்க போறோம்’னு சொன்னாங்களா?”