கொடி கீழே விழுந்தால்

பொள்ளாச்சி மச்சான் நஞ்சப்பன் அவர்களுக்கு,

ரிச்சர்ட்சன் ஊரிலிருந்து உங்கள் தங்கை வீட்டுக்காரன் சேனாபதி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் நலம். அங்கே அக்காவும் உங்கள் முழங்காலும் நலம் என்று நம்புகிறேன். போனில் பேசினால் நாகமணி பக்கத்திலேயே நின்று திருத்துவாள் என்பதால் இந்த மெயில்.

உங்கள் மருமகள் கயல் காலேஜில் கலர் கார்டு என்ற கொடிக் குழுவுக்குக் கேப்டன் ஆகியிருக்கிறாள். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், நானும் அதைத்தான் முதலில் கேட்டேன். ஃபுட்பால் இடைவேளையில் பேண்டு வாசிக்க, இவர்கள் கம்பில் கட்டிய கொடியைச் சுழற்றி மேலே எறிந்து பிடிப்பார்கள். எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை, ஆனால் பார்க்க உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. பழைய ஆட்கள் படிப்பு முடிந்து போய்விட்டதால் இந்த சீசனில் முக்கால்வாசிப் பேர் புதுசு. டைலர் என்றொரு பையன் கொடியை எறிந்ததும் கண்ணை மூடிக்கொள்கிறான். சீசன் முடிவில் இந்தப் புதுசுகள் விலகிவிட்டால் அடுத்த வருஷம் குழுவே கிடையாது என்று பேண்டு டைரக்டர் சொல்லிவிட்டார். கயலுக்கு அதே கவலை, சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை.

ஒருநாள் லெமன் ரைஸ் கொடுக்கப் போனவன் அப்படியே பிராக்டிஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். டைலரின் கொடி என் பக்கத்தில் விழுந்தது, இன்னொரு பெண் அதை மிதித்தும்விட்டாள். எனக்கு உடம்பே கூசிப்போய், கொடியை எடுத்துக் கண்ணில் ஒற்றி அவனிடம் கொடுத்தேன். இது என்ன என்று கேட்டான், மரியாதை என்றேன். மறுநாளிலிருந்து புதுப் பிள்ளைகள் அத்தனை பேரும் கொடி விழுந்தால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள்.

"அப்பா, drop ஆனா யாருக்கும் தெரியாம எடுத்துட்டு move on பண்ணணும். You taught them to announce it," என்றாள் கயல். "உங்களை யாருங்க அங்க உக்காரச் சொன்னது?" என்றாள் நாகமணி.

நேற்று சீசனின் கடைசி மேட்ச். டைலர் கொடியைத் தவறவிட்டான், எடுத்தான், ஒற்றிக்கொண்டான். அதைப் பார்த்து, கொடியே விழாத மற்றப் புதுப் பிள்ளைகளும் வரிசையாக ஒற்றிக்கொள்ள, கூட்டம் சிரித்தது. முன்னால் நின்ற கயல், ஒரு தடவைகூடத் தவறவிடாதவள், தன் கொடியை வேண்டுமென்றே புல்லில் போட்டு, குனிந்து எடுத்து, நிதானமாகக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சிரிப்பு நின்று கைதட்டல் கேட்டது. காரில் வரும்போது அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னால் பிள்ளையின் பெயர் கெட்டுவிட்டது மச்சான். புதுசுகள் விட்டுப் போவதற்குள் இவளே கௌரவமாக விலகிவிடட்டும். நீங்கள் சொன்னால்தான் கேட்பாள், இன்றே போன் செய்து சொல்லுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம், முழங்காலுக்குத் தைலம் மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
சேனாபதி

பின்குறிப்பு: தயவுசெய்து போன் செய்யாதீர்கள். கயல் இப்போதுதான் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். புதுப் பிள்ளைகள் ஒருத்தர்கூட விலகவில்லை, அடுத்த வருஷத்துக்கும் எல்லாரும் பெயர் கொடுத்துவிட்டார்களாம். நேற்று ஏன் பேசவில்லை என்று கேட்டேன். "பேசினா அழுதிருப்பேன்ப்பா," என்றாள்.