சோஃபாஜ் பக்கத்தில் வைத்த கிற்றார்

பாரிஸ், லா சப்பல்
மார்ச் 9

என் மதிப்பிற்குரிய லியோனல் அத்தானுக்கு,

மடுத்தீன் எழுதுவது. நானும் உங்கள் தங்கை மரியமலரும் சுகம். மன்னாரில் நீங்களும், உங்கள் வீட்டுக்குக் கூரை போடும் மேசன்மாரும் சுகமாயிருக்க மடுமாதாவை மன்றாடுகிறோம். நீங்கள் எங்களிடம் விட்டுப்போன கிற்றாரும் இப்போது சுகம். ‘இப்போது’ என்று எழுதியதிலேயே உங்களுக்குப் பாதி விளங்கியிருக்கும். போனில் சொன்னால் உங்கள் குரல் மாறுவதைக் கேட்க வேண்டிவரும், அதற்கு எனக்குத் தெம்பில்லை, அதனால்தான் கடிதம்.

நவம்பரில் விமானம் ஏறும்போது நீங்கள் சொன்னது, “குளிரிலை விட்டிடாதையடா” என்பதுதான். உங்களைவிட மூத்த கிற்றார், ஒவ்வொரு பாஸ்காத் திருவிழிப்புக்கும் பாடகர் குழுவில் நீங்கள் வாசிப்பது, அதை நான் குளிரில் விடுவேனா? என் கம்பளிக் கோட்டால் சுற்றி, பிள்ளைப்பெற்ற வீட்டில் குழந்தையைக் கிடத்துவதுபோல் அறையைச் சூடாக்கும் சோஃபாஜோடு ஒட்டிக் கிடத்தி, சூட்டையும் ஐந்தில் திருப்பிவிட்டேன். எங்களுக்குத்தான் குளிரைத் தவிர இந்த ஊரில் வேறு எதிரி தெரியாதே. ஜனவரியில் ஒரு பின்னேரம் செபமாலை சொல்லிக்கொண்டிருக்கும்போது கோட்டுக்குள் ‘டக்’ என்றது. எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் எழும்பிப் பார்க்கப் பயந்து, பத்து அருள்நிறை மந்திரத்தைப் பதினாறாக நீட்டினேன். கடைசியில் மலர்தான் கோட்டைப் பிரித்தாள். முகப்பலகையில், கம்பிகள் பூட்டிய கட்டையிலிருந்து கீழ்விளிம்புவரை நீளத்துக்கு வெடிப்பு.

அத்தான், நான் இந்த ஊருக்கு வந்திறங்கியபோது உங்கள் ஒற்றை அறையில் கட்டிலை எனக்குத் தந்துவிட்டு நிலத்தில் படுத்தவர் நீங்கள். அந்த மனிசனின் முகத்தில் இனி எப்படி முழிப்பேன் என்று எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் சூப்பர் குளுவோடு வந்தேன். மலர் அதைப் பறித்து, “அதை ஒட்டுறதுக்கு முன்னம் உங்கடை கையை ஒட்டுவன்” என்று சொல்லி, ரூ பஜோல் தெருவுக்கு அங்கால் கிற்றார் திருத்தும் ஷார்லோத் என்ற பெண்ணிடம் அனுப்பினாள். அந்தப் பிள்ளை விளக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, வெக்கையில் மரம் காய்ந்து சுருங்கித்தான் பிளந்தது என்றாள். எங்கள் பாஷையில் சொன்னால், கிற்றாரை நான் கருவாடு போட்டிருக்கிறேன்.

ஒட்டுவதற்கு முன் மரம் ஈரம் குடித்துப் பழைய அளவுக்கு வரவேண்டுமாம், அப்போது வெடிப்பு தானாகக் கூடுமாம். ஈரம் காட்டும் சின்ன மானியொன்றைத் தந்து, முள்ளை ஐம்பதில் வைத்திருக்கச் சொன்னாள். மலர் சோஃபாஜை நிற்பாட்டி, காலையும் மாலையும் புட்டு அவித்தாள். ஜன்னலெல்லாம் வேர்த்தது, கிற்றார் குடித்தது, நான் ஸ்வெட்டருக்குமேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு புட்டாகத் தின்றேன். முள் எழுபதுக்கு ஏறியதும் பயந்துபோய் ஷார்லோத்துக்குப் போன் எடுத்தேன். அவள் காரணத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டு, “புட்டைக் கொஞ்சம் குறையுங்கோ மிஸ்யூ” என்று பிரெஞ்சில் மருந்துச் சீட்டு எழுதுவதுபோல் சொன்னாள். மூன்றாம் கிழமை வெடிப்பு தலைமயிர் அளவுக்கு வந்துவிட்டது. பிறகு அவள் சூடான பசை தேய்த்து, கிற்றாரின் வாய்த்துளைக்குள்ளால் கையை விட்டு, உள்ளே ஏழு சின்ன மரத்துண்டுகள் வைத்து ஒட்டினாள். கம்பி பூட்டி ஒருதரம் மீட்டினாள் அத்தான், நான் பட்டறையில் நின்று வெட்கமில்லாமல் அழுதேன்.

மாதாவுக்கும் ஷார்லோத்துக்கும் மலருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன். தழும்பு தெரியும், மறைக்கவில்லை. என்னை மன்னித்து, வழக்கம்போல் பாஸ்காவுக்கு வந்து வாசியுங்கள். உங்கள் கூரை ஒழுகாமல் நிற்க எங்கள் செபங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பில் குறையாத
மடுத்தீன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும்போது மலர் வாங்கி வாசித்துவிட்டுச் சொல்கிறாள்: “அண்ணைக்கு அண்டைக்கே தெரியும். செபமாலை முடிஞ்ச கையோடை நான் சொல்லிப்போட்டன். ஷார்லோத்தின்ரை விலாசமும் அண்ணை தந்ததுதான். ‘எனக்குத் தெரியுமெண்டு அவனுக்குச் சொல்லாதை, கூசிச் செத்திடுவான்’ எண்டவர்.” இரண்டு மாதமாக ஞாயிறுதோறும் போனில் நான் “கிற்றார் நல்ல சுகம் அத்தான்” என்று புளுகப் புளுக, “சந்தோசமடா” என்று கேட்டுக்கொண்டிருந்தீர்களே! கடிதத்தைக் கிழிக்கத்தான் எடுத்தேன். ஆனால் உங்களுக்கு முன்னால் நின்று நன்றி சொல்ல எனக்கு வாய் வராது. ஆகையால் மன்னிப்புக் கேட்ட இடங்களை வெட்டிவிட்டு, மிச்சத்தை நன்றியென்று வாசியுங்கள்.