அம்மனிடம் அடித்த பிட்

பள்ளியிலும் கல்லூரியிலும் நான் ஒரு முறைகூடப் பிட் அடித்ததில்லை. (தைரியம் கிடையாது.) கோயிலில் அடித்திருக்கிறேன். அதுவும் என் கல்யாண விஷயத்தில், என்னைப் பெற்றவரையும் பெண்ணைப் பெற்றவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

வடக்கனந்தலைத் தாண்டி, கல்வராயன் மலை அடிவாரத்தில் ஓர் அம்மன் கோயில் இருக்கிறது. நிலம் வாங்குவது, போர் போடுவது, பெண் எடுப்பது, எதுவானாலும் அங்கே பூ கேட்காமல் எங்கள் வீட்டில் நடக்காது. வெள்ளைப் பூவை ஒரு காகிதத்திலும் சிவப்பை இன்னொன்றிலும் ஒரே மாதிரி மடித்து, அம்மன் காலடியில் குலுக்கிப் போடுவார்கள். கேட்க வந்தவர் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிட வேண்டும்.

அதற்கு முன் எனக்கு மூன்று இடங்களில் பெண் பார்த்து, மூன்று முறையும் சிவப்பு. அப்பா மூன்று முறையும் கன்னத்தில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். நானும் பெரிதாக வருத்தப்படவில்லை. நான்காவதாகப் பார்த்தது நைனார்பாளையத்துச் சுமதியை. சின்னசேலத்தில் ஒரு லேப்பில் ரத்தம் பரிசோதிக்கும் வேலை. காபி டம்ளரை வாங்கும்போது என் கை நடுங்கியதைப் பார்த்து, "சுகர் செக் பண்ணிக்கினீங்களா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இடைஞ்சல் என் வேலைதான். ஓர் அரசு அலுவலகத்தில் ஒப்பந்தக் கம்ப்யூட்டர் ஆப்பரேட்டர். ஆறு மாதத்துக்கு ஒரு முறை நீட்டிப்பார்கள், அல்லது நீட்டிக்க மாட்டார்கள். சுமதியின் அப்பா தலையைச் சொறிந்தார்.

"மாப்ள நல்லவராத்தான் தெரியறாரு. ஆனா வேல நாளைக்கு இன்னா ஆவும்னு யாருக்குத் தெரியும்? ஆத்தாளையே கேட்டுடலாம்."

என் அப்பாவுக்கு இதைவிட இனிப்பான சொல் உலகத்தில் கிடையாது.

குறித்த வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு வீட்டாரும் கோயிலில் கூடினோம். பூசாரி அப்போதுதான் கண் ஆபரேஷன் முடித்துக் கறுப்புக் கண்ணாடியோடு இருந்தார். "எனக்குக் கண்ணு செரியா தெரில தம்பி. நீயே மடிச்சிக்கினு வந்துடு" என்று தாம்பாளத்தை என்னிடம் கொடுத்துவிட்டார். நந்தியாவட்டையும் செவ்வரளியும் இருந்த தாம்பாளம். கோயிலுக்குப் பின்னால் குழாயடியில் உட்கார்ந்தேன்.

அம்மன் மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. எனக்கு நல்லதுதான் செய்வாள் என்று முழுசாக நம்பினேன். அவள் நினைக்கிற நல்லதும் நான் நினைக்கிற நல்லதும் ஒன்றுதானா என்பதில்தான் சந்தேகம். இரண்டு காகிதத்திலும் நந்தியாவட்டையை வைத்து மடித்தேன். அரளியைப் பேன்ட் பாக்கெட்டில் திணித்துக்கொண்டேன்.

பொட்டலங்களைக் குலுக்கிப் போட்டு, சுமதியையே எடுக்கச் சொன்னார் பூசாரி. எடுத்தாள். பிரித்தாள். வெள்ளை. அப்பா "ஆத்தா!" என்று கண் கலங்கினார். சுமதியின் அப்பா என் தோளில் கை போட்டார். இதோடு கதை முடிந்திருக்க வேண்டும்.

"இன்னொண்ணையும் பிரிச்சிப் பாக்கலாமா?" என்றாள் சுமதி.

"வேணாங்க," என்று பாய்ந்தேன். "சாமி சொன்னப்புறம் இன்னொண்ண பாக்கறது தப்புங்க." (இப்படி ஒரு சாஸ்திரம் எந்த ஊரிலும் இல்லை.)

"எங்க லேப்ல ஒரு ரிசல்ட்ட மட்டும் நம்ப மாட்டோம். ரெண்டாவதும் பாப்போம்" என்று சொல்லிக்கொண்டே பிரித்துவிட்டாள்.

அதிலும் வெள்ளை. பூசாரிதான் பாவம், என்னைக் காப்பாற்றப் பார்த்தார். "மறதில ரெண்டுலயும் ஒண்ணையே வெச்சிட்டியா தம்பி?"

"ஆமாங்க, மறதிதாங்க" என்று வியர்வையைத் துடைக்கக் கைக்குட்டையை உருவினேன். கூடவே ஐந்தாறு செவ்வரளி அம்மன் முன்னால் விழுந்தன. கறுப்புக் கண்ணாடிக்கே அது தெரிந்துவிட்டது.

அப்பா தூணைப் பிடித்துக்கொண்டார். சுமதியின் அப்பா தோளிலிருந்து கையை எடுத்தார். "சாமியவே ஏமாத்தறவன் நாளைக்கு எம்பொண்ண ஏமாத்த மாட்டான்னு இன்னா நிச்சயம்?" என்றார். நியாயமான கேள்வி. அவமானத்தைவிட, சுமதி கை நழுவிப் போகிறாளே என்பதுதான் வலித்தது.

"இன்னொரு வாட்டி ஒழுங்கா கேக்கலாங்களா?" என்று அப்பா கெஞ்சினார்.

"ஆத்தா இப்ப கோவமா இருக்கும். இன்னிக்குப் பதில் சொல்லாது" என்று கைவிரித்துவிட்டார் பூசாரி.

சுமதி என்னைப் பார்த்தாள். "செவப்பு வந்திருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க?"

"தெரிலங்க. அந்தப் பயத்துலதான் இப்படிப் பண்ணிட்டேன்."

"இப்ப பயம் போயிடுச்சா?"

"இப்பதாங்க ஜாஸ்தி."

சிரித்துவிட்டாள். பிறகு அவள் அப்பாவிடம் சொன்னாள்: "ஆத்தா வேணாம்னு சொல்லலியேப்பா."

"சரின்னும் சொல்லலியேம்மா."

"சொல்றப்ப சொல்லட்டும். நான் கட்டிக்கிறேன்."

அவரைச் சம்மதிக்க வைக்க அவளுக்கு மூன்று மாதம் பிடித்தது. அந்த மூன்று மாதமும் வெள்ளிக்கிழமை தவறாமல் நான் அம்மனுக்குச் செவ்வரளி மாலை கொண்டுபோக வேண்டும் என்பது பூசாரி விதித்த தண்டனை. இப்போது அந்தக் கோயிலில் எல்லோர் முன்னாலும்தான் பூ மடிக்கிறார்கள். ஏன் என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால் என் பெயரைச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் யாராவது வழுக்கலாகப் பேசினால், "பாக்கெட்ட காட்டு" என்பார் என் மாமனார்.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் ஒப்பந்தத்தை நீட்டிப்பது சந்தேகம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் சமையலறை வாசலில் வந்து நின்றேன்.

"சுமதி, வேற வேல தேடறதா, இதுலியே இருக்கறதான்னு, கோயில்ல ஒரு பூ கேட்டுப் பாத்துடலாமா?"

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"மொதல்ல கேட்டதுக்கே ஆத்தா இன்னும் பதில் சொல்லல. பன்னண்டு வருசமா அந்தப் பதில் இல்லாமத்தான குடும்பம் ஓடிக்கினு இருக்குது? இன்னிக்குச் சாம்பாருக்கு அந்த வெங்காயத்த உரிங்க."

உரித்தேன்.