நாற்காலியைச் சுற்றி ஒரு கிரிவலம்

என் மகளுக்கு வந்த முதல் சம்பந்தத்தைக் கெடுத்தவன் நான்தான். அதற்காக இன்றுவரை வருத்தப்படவில்லை. (எனக்கும் சேர்த்து என் மனைவி பட்டுவிட்டாள்.)

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை ஓரம் இளநீர் வெட்டுகிறவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்பு. கூச்சம் அதைவிட ஜாஸ்தி. யாராவது விலை கேட்டால் விரலைத்தான் காட்டுவேன். என் மகள் கலைவாணியோ சென்னையில் வைரஸ் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள்.

பெண் பார்க்க வந்த இடத்தில் பையனின் அம்மா ஆரம்பித்தார்: "கல்யாணத்துக்கு அப்புறம் ஆராய்ச்சி எல்லாம் வேணாங்க. அப்படி இன்னாதான் பண்றா பொண்ணு?"

நான் "சரிங்க" என்று தலையாட்டினால், மகளின் ஆராய்ச்சி அன்றோடு முடிந்தது. மறுத்துப் பேசவோ வாய் வரவில்லை. அதனால் எழுந்தேன்.

"காட்டுறேங்க. எல்லாரும் எழுந்திருங்க."

மகள் ஒருமுறை எனக்குப் புரியவைத்திருந்தாள். செல் இரண்டாகப் பிரிவதற்குமுன் கிரிவலம்போல ஒரு சுற்று சுற்றுமாம். வழியில் 'போ', 'நில்' என்று சொல்லும் போலீஸ்காரர்கள்தான் புரதங்கள். உள்ளே நுழைகிற வைரஸ் அந்தப் போலீஸைக் கைக்குள் போட்டுக்கொண்டு, செல்லைத் தனக்குத் தோதான இடத்தில் நிறுத்தி, தன் இனத்தைப் பெருக்கிக்கொள்ளுமாம்.

பையனின் அம்மாவை நடு நாற்காலியில் உட்காரவைத்தேன். அவர்தான் மலை. பையன், அவன் அப்பா, தாய்மாமன் மூவரும் செல். சுற்றத் தொடங்கினார்கள். பழக்கதோஷம், மாமன் கைகூப்பிக்கொண்டே நடந்தார். கதவுக்குப் பின்னால் பதுங்கியிருந்த வைரஸாகிய நான், இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு குறுக்கே பாய்ந்தேன். (பையன் வீட்டார் சொல்லும் கதையில் என் கையில் அரிவாளும் உண்டாம். பொய்.)

மிரண்டுபோன மாமன் அப்படியே திரும்பி ஓடினார். மற்ற இருவரும் அவர் பின்னால். அதாவது, இடப்பக்கமாக. சுடுகாட்டில் கொள்ளிக்குடம் தூக்கிச் சுற்றுகிற பக்கமாக!

"அடப்பாவிங்களா, எடமா சுத்துறீங்களே! நான் இன்னா பொணமா?" என்று அலறினார் அந்த அம்மா.

அந்த நேரம் பார்த்துக் காபித் தட்டோடு வந்தாள் மகள். மாமன் அவள்மேல் மோத, அத்தனை காபியும் பையனின் அப்பா வேட்டியில்.

மகள் தட்டைக்கூட எடுக்கவில்லை. "அப்பா, வைரஸ் செல்லைத் திருப்பாதுப்பா. நிறுத்திதான் வெக்கும்" என்றாள்.

வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே பையனின் அப்பா கத்தினார்: "அந்தப் பொண்ணு படிப்ப வுட்டாகூட இந்த சம்பந்தம் வேணாம்!"

"வுட மாட்டாங்க. போய்ட்டு வாங்க" என்றேன். தெருவே திரும்பிப் பார்த்தது. என் குரல் அவ்வளவு பெரிது என்று எனக்கே அன்றுதான் தெரியும்.

மகள் டாக்டர் பட்டம் வாங்கினாள். பிறகுதான் கல்யாணம். மணமக்கள் அக்கினியை வலம் வரும்போது என் மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். "குறுக்க பூந்துடாதீங்க."

சொந்தக்காரப் பிள்ளைகளுக்கு நான் இப்போது வைரஸ் மாமா. போன மாதம் தங்கை போன் செய்தாள். அவள் மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள்.

"அண்ணே, இவங்களும் படிப்ப நிறுத்தணும்ன்றாங்க. நடுவுல சேர் போட்டுட்டேன். சீக்கிரம் வாண்ணே."